பாலும் பத்தியமும்

நுழையும்முன்

தண்ணீர் கலந்த பாலைப் பால்மானி காட்டிக்கொடுக்கும். திரிந்த பாலை அடுப்பு காட்டிக்கொடுக்கும். மாட்டுக்குப் போட்ட ஊசிமருந்து பாலில் இறங்கியிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது எது? நிறமும் மணமும் சுவையும் மாறாமல் பாலில் தங்கும் மருந்து எச்சத்தை அறியும் வழிகளையும், அவ்வெச்சம் தோன்றாமலே காக்கும் வழிகளையும் விளக்குகிறது இக்கட்டுரை.

எரியோடு காட்டும் காட்சி

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் எரியோடு. வேடசந்தூர்ப் பகுதியைச் சேர்ந்த இப்பேரூராட்சியைச் சுற்றியுள்ள நிலங்களில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. சோளமும் கடலையும் மழையை நம்பி விதைக்கப்படுபவை. மழை பொய்த்த ஆண்டில் நிலம் கைவிட்டாலும், கட்டுத்தறியில் நிற்கும் கறவைமாடு குடும்பத்தைக் கைவிடுவதில்லை. மளிகைக் கடனும் பள்ளிக் கட்டணமும் பால் பணத்தை எதிர்பார்த்தே நிற்கின்றன. இவ்வட்டாரத்திற்கு மட்டும் உரிய நிலைமையன்று இது. தமிழ்நாட்டின் வறண்ட சமவெளிகள் பலவற்றிலும் பால்தான் நாள்தோறும் விளையும் பயிர்.

விடியலில் கறந்த பால் வீட்டிலிருந்து கொள்முதல் நிலையத்திற்குச் செல்கிறது. அங்கே அளக்கப்பட்டு, கொழுப்புச் சத்தும் கொழுப்பற்ற திடப்பொருளும் கணிக்கப்பட்டு, பெரிய கேனில் ஊற்றப்படுகிறது. பல கேன்களின் பால் குளிர்விப்பு நிலையத்தின் தொட்டியில் ஒன்றாகிறது. பல தொட்டிகளின் பால் லாரியில் ஒன்றாகி நகரத்துப் பால்பண்ணையை அடைகிறது. ஒவ்வொரு படியிலும் பால் மேலும் மேலும் கலக்கிறது. எந்தப் பை எந்த மாட்டின் பால் என்று முடிவில் யாராலும் கூற இயலாது.

இந்தக் கலப்பே கூட்டுறவின் வலிமை. இரண்டு லிட்டர் பால் உடையவரையும் இருபது லிட்டர் பால் உடையவரையும் ஒரே சந்தைக்குக் கொண்டுசெல்வது அதுவே. அதன் மறுபக்கமும் உண்டு. ஒரு தொழுவத்தில் நிகழும் கவனக்குறைவு பல ஆயிரம் வீடுகளின் குவளைகளை அடைந்துவிடும்.

மருந்து பாலில் இறங்குவது எப்படி?

பசுவின் மடி குருதியிலிருந்தே பாலை ஆக்குகிறது. ஒரு லிட்டர் பால் சுரக்க நூற்றுக்கணக்கான லிட்டர் குருதி மடியின் ஊடே சென்று வரவேண்டும். ஆதலால் குருதியில் கலந்த மருந்தின் ஒரு பகுதி பாலிலும் இறங்குவது இயற்கை. கழுத்தில் போட்ட ஊசியாயினும் வாய்வழி கொடுத்த மாத்திரையாயினும் இதுவே நிகழும். மடிநோய்க்காகக் காம்பின் வழியே செலுத்தும் மருந்தோ நேரே பாலிலேயே சேர்கிறது.

கறவைமாடுகளை மிகுதியாகத் தாக்கும் நோய்களுள் ஒன்று மடிநோய். மடி வீங்கும், பால் நீர்த்துப்போகும், சில வேளைகளில் குருதியும் கட்டிகளும் வரும். காலத்தில் மருத்துவம் செய்யாவிடில் காம்பு நிலையாகப் பழுதுபட்டுவிடும். எனவே நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தைப் பயன்படுத்துவது குற்றமன்று. மருந்து உடலை விட்டு நீங்கும் முன்னரே பாலை விற்பதுதான் குற்றம்.

கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய் மருந்து உண்ணும்போது பத்தியம் காப்பது நம் வீடுகளின் வழக்கம். தாய் உண்பது பால்வழியே பிள்ளைக்குச் சேரும் என்பதை ஆய்வகம் தோன்றும் முன்பே நம் முன்னோர் கண்டிருந்தனர். பசுவுக்கும் அத்தகைய பத்தியம் ஒன்று உண்டு. மருந்தின் கடைசி வேளை கொடுத்த பின்னர், பாலில் எச்சம் பாதுகாப்பான அளவுக்குக் குறையும் வரை கடக்க வேண்டிய காலத்தை 'விலக்குக் காலம்' என்பர். அதுவரை அப்பசுவின் பாலை விற்றல் கூடாது.

இந்தியாவில் இது வெறும் அறிவுரையன்று, சட்டம். உணவு தரும் கால்நடைகளுக்கான மருந்தின் உறையில் விலக்குக் காலம் அச்சிடப்பட வேண்டுமென 2012ஆம் ஆண்டு மருந்து விதிகளில் சேர்க்கப்பட்டது. குறிப்பிட்ட மருந்துக்கு அக்காலம் ஆய்ந்து உறுதிசெய்யப்படவில்லையெனில் பாலுக்கும் முட்டைக்கும் 7 நாளுக்குக் குறையாமலும், இறைச்சிக்கு 28 நாளுக்குக் குறையாமலும் காத்திருக்க வேண்டும் என்பது விதி.

வரம்பும் தடையும்

மருந்து எச்சம் பற்றிய சட்டங்கள் இரு வகைப்படும். ஒன்று, 'இவ்வளவுக்கு மேற்படக் கூடாது' என்னும் வரம்பு. மற்றொன்று, 'இருக்கவே கூடாது' என்னும் தடை. இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்தால்தான் ஆய்வகத்தின் பணி விளங்கும்.

பென்சிலின் வரம்புக்குட்பட்ட மருந்து. ஒரு கிலோகிராம் பாலில் 4 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த அளவு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு வேளைப் பாலில் 50 மில்லிகிராம் பென்சிலின் இறங்கியது எனக் கொள்வோம். அதை இவ்வரம்புக்குள் கொண்டுவர ஏறத்தாழ 12,500 லிட்டர் தூய பால் வேண்டும். மடிக்குள் செலுத்தும் ஒரு மருந்துக்குழாயிலோ பல நூறு மில்லிகிராம் மருந்து இருக்கக்கூடும். ஒரு மாட்டின் பால் ஒரு லாரிப் பாலையே கெடுக்கும் என்பது மிகையன்று, எளிய கணக்கு.

குளோராம்பெனிகால் தடைக்குட்பட்ட மருந்து. 1947இல் கண்டறியப்பட்ட இம்மருந்து நச்சுக்காய்ச்சலிலிருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால், மிகச் சிலருக்கு எலும்பு மச்சை குருதியணுக்களை ஆக்கும் வேலையை நிறுத்திவிடும் கொடிய நோயையும் அது உண்டாக்கியது. இவ்விளைவு மருந்தின் அளவைப் பொறுத்ததன்று என்பதே அச்சத்திற்குக் காரணம். 'இவ்வளவு உண்டால் தீங்கில்லை' என்று கூறத்தக்க எல்லையை அறிஞர்களால் வகுக்க முடியவில்லை. எல்லை வகுக்க இயலாத இடத்தில் தடையே வழி. நைட்ரோபியூரான் என்னும் மருந்துக் குடும்பம், புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்பதனால் விலக்கப்பட்டது. உணவு தரும் விலங்குகளின் வளர்ப்பில் பயன்படுத்துவதற்கென இவ்விரண்டையும் இறக்குமதி செய்வதையும் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய அரசு 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் தடைசெய்தது.

கொலிஸ்டின் தடைசெய்யப்பட்ட காரணம் வேறு. பிற மருந்துகள் எல்லாம் தோற்றபின் மருத்துவமனைகள் நாடும் கடைசிக் கருவி அது. 2015இல் சீன நாட்டு ஆய்வாளர்கள், அம்மருந்தை வெல்லும் மரபணு ஒன்று விலங்குகளிடமும் மனிதர்களிடமும் காணப்படுவதையும், அது ஒரு நுண்ணுயிரிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவுவதையும் வெளிப்படுத்தினர். உணவு தரும் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019 ஜூலையில் தடைசெய்தது.

தெரிந்து தெளிவோம்

பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு ஏற்று ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவு மருந்துக்குப் பழகிய நுண்ணுயிர்கள் பின்னர் அம்மருந்துக்கே அடங்காமல் போகும் என எச்சரித்தார். நுண்ணுயிர் எதிர்ப்பிகளைக் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்க இந்திய மருத்துவ அமைப்புகள் ஒன்றுகூடி 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் வகுத்த திட்டம், அது உருவான நகரின் பெயரால் 'சென்னைப் பிரகடனம்' எனப்படுகிறது.

பாறு உணர்த்திய பாடம்

மருந்து எச்சம் என்பது மனிதரை மட்டும் பாதிப்பதன்று. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் டைக்ளோபினாக் என்னும் மருந்து பெருமளவில் பயன்பட்டது. அம்மருந்து கொடுத்தபின் இறந்த மாட்டின் உடலை உண்ட பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. 1990களில் இந்திய வானத்திலிருந்து பாறுகள் மறையத் தொடங்கியபோது காரணம் எவருக்கும் விளங்கவில்லை. 2004இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வொன்று மருந்து எச்சமே காரணம் என மெய்ப்பித்தது. 2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் பயன்படுத்துவதை இந்தியா தடைசெய்தது.

தடை வந்தும் மருந்து மறையவில்லை. மனிதருக்கென விற்கப்பட்ட பெரிய குப்பிகள் தொழுவங்களுக்குச் சென்றன. ஆகவே மனிதருக்கான ஊசிமருந்துக் குப்பியின் அளவு ஒரு வேளைக்குப் போதுமான 3 மில்லிலிட்டராக 2015இல் குறைக்கப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கில் அரசின் ஆணை செல்லும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யும் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகியனவும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து 2023இல் விலக்கப்பட்டன. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகளின் வாழ்வு இத்தடைகள் மெய்யாகக் கடைப்பிடிக்கப்படுவதைப் பொறுத்தது.

ஏட்டில் எழுதிய தடை தொழுவத்தை எட்டியதா என்பதை அறியப் பாலும் ஒரு சான்று. பாலில் டைக்ளோபினாக் தென்பட்டால், அம்மாட்டுக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது உறுதி. பாலை ஆய்வது இவ்வாறு பாலருந்தும் குழந்தையோடு பாறையும் காக்கிறது.

உறைமோரும் ஆய்வகமும்

காய்ச்சி ஆற்றிய பாலில் உறைமோர் ஊற்றினால் காலையில் தயிராகிறது. உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுவதே காரணம். அப்பாலில் நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்து போதிய அளவு இருந்தால் என்ன நிகழும்? உறைமோர் வேலை செய்யாது. பால் சரிவரத் தோயாது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பென்சிலின் தொழுவங்களுக்குள் நுழைந்தபோது, மேலை நாடுகளின் பாலாடைக்கட்டித் தொழிற்கூடங்கள் இச்சிக்கலைத்தான் முதலில் சந்தித்தன. தோயாத பாலே மருந்து எச்சத்தை உலகுக்கு அறிவித்தது.

இதே தத்துவத்தில் அமைந்ததே 'நுண்ணுயிர்த் தடைச் சோதனை'. சிறு குழாயில் கூழ்ம ஊடகமும், வெப்பத்தைத் தாங்கும் நுண்ணுயிரின் வித்துகளும், ஊதாநிறச் சாயமும் இருக்கும். அதில் சில துளிப் பாலை இட்டு 64 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வைப்பர். பாலில் மருந்து இல்லையெனில் நுண்ணுயிர் வளர்ந்து புளிப்பை உண்டாக்க, ஊதா மஞ்சளாகும். மருந்து இருந்தால் நுண்ணுயிர் வளராது; ஊதா ஊதாவாகவே நிற்கும்.

இச்சோதனை எளியது, செலவு குறைந்தது. பென்சிலின் குடும்பத்தை நுட்பமாக உணரவல்லது. ஆயினும் அதற்குக் குறைகள் உண்டு. குளோராம்பெனிகாலை மிகுந்த அளவில் இருந்தாலன்றி அது உணராது. டைக்ளோபினாக் போன்ற வலிநீக்கிகள் நுண்ணுயிரைக் கொல்வதில்லை ஆதலால் அவை இதில் பெரும்பாலும் அகப்படா. சீம்பாலிலும் மடிநோய்ப் பாலிலும் இயற்கையாகவே உள்ள காப்புப் பொருள்கள் மருந்து இருப்பது போன்ற பொய்த்தோற்றத்தையும் தரக்கூடும்.

இரண்டாவது வகை, கொள்முதல் நிலையத்திலேயே சில நிமிடங்களில் முடிவு தரும் சோதனைப் பட்டை. குறிப்பிட்ட மருந்தை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதங்கள் இப்பட்டையில் பொருத்தப்பட்டிருக்கும். பாலில் மருந்து இருந்தால் அது அப்புரதங்களை முன்னதாகவே பற்றிக்கொள்ளும்; அதனால் பட்டையில் தோன்ற வேண்டிய வண்ணக்கோடு மங்கும் அல்லது மறையும். மற்றொரு கோடு எப்போதும் தோன்றி, பட்டை பழுதின்றி வேலை செய்வதை உறுதிசெய்யும். எந்த மருந்துக்கெனப் பட்டை செய்யப்பட்டதோ அதை மட்டுமே இது காட்டும்.

மூன்றாவது வகை, பேராய்வகங்களில் உள்ள நீர்ம நிறப்பகுப்பி – நிறைமாலைமானி. பாலிலிருந்து கொழுப்பையும் புரதத்தையும் நீக்கி, எஞ்சிய கரைசலை நுண்ணிய குழலின் வழியே செலுத்துவர். ஒவ்வொரு பொருளும் அதன் இயல்புக்கேற்ப வெவ்வேறு நேரத்தில் குழலைக் கடக்கும். வெளிவரும் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டமளித்து, அவற்றின் நிறையை அளந்து, பின்னர் அவற்றை உடைத்து, உடைந்த துண்டுகளின் நிறையையும் அளப்பர். மனிதரை அடையாளம் காணக் கைரேகை உதவுவது போல, மருந்தை அடையாளம் காண இத்துண்டுகளின் நிறை உதவுகிறது.

குளோராம்பெனிகாலை ஒரு கிலோகிராமில் 0.3 மைக்ரோகிராம் அளவிலும் கண்டறியும் திறன் ஆய்வகங்களுக்கு வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் வகுத்தது. இதன் நுண்மையை உணர ஒரு கணக்கு உதவும். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் லாரிகள் 333 இருக்கின்றன எனக் கொள்வோம். அவற்றிலுள்ள பால் முழுவதிலும் ஒரே ஒரு கிராம் மருந்தைச் சீராகக் கலந்தால் கிடைக்கும் செறிவே இது!

நைட்ரோபியூரானைத் தேடுவதில் வேறொரு நுட்பம் உண்டு. விலங்கின் உடலில் அம்மருந்து சில மணி நேரத்திலேயே சிதைந்து மறைந்துவிடும். ஆனால், அது சிதைந்து உண்டான பொருள்கள் புரதங்களோடு பிணைந்து நெடுநாள் தங்கும். எனவே ஆய்வாளர்கள் மருந்தைத் தேடுவதில்லை. அதன் அடிச்சுவட்டையே தேடுகின்றனர்.

ஐயமும் உறுதியும்

ஆய்வில் 'சலித்தல்', 'உறுதிசெய்தல்' என இரு படிநிலைகள் உள்ளன. பட்டையும் குழாயும் ஐயத்தை எழுப்புவன. ஐயம் எழுந்த பாலை ஒதுக்கிவைக்க அது போதும். ஒருவரைக் குற்றவாளி எனக் கூற அது போதாது. அதற்கு நிறைமாலைமானி போன்ற கருவியின் உறுதியான சான்று வேண்டும்.

நம் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நியாயத்தை ஏற்றுள்ளது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு முத்திரையிடப்படுகிறது. பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை தரவேண்டும். அறிக்கையை ஏற்காதவர் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்து, மற்றொரு பகுதியை வேறோர் ஆய்வகத்தில் சோதிக்கக் கோரலாம். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோயம்புத்தூர், சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன.

நாடு தழுவிய ஆய்வு கூறியது

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு தழுவிய பால் ஆய்வொன்றை நடத்தியது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட 1,103 நகரங்களில் 6,432 மாதிரிகள் எடுக்கப்பட்டன. 93 நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் எச்சங்களும் தேடப்பட்டன. 2019 அக்டோபரில் வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது.

மக்கள் பெரிதும் அஞ்சியது கலப்படத்தையே. உடலுக்குத் தீங்கான கலப்படம் இருந்த மாதிரிகளோ 12 மட்டுமே. நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் எச்சம் வரம்பை மீறிய மாதிரிகள் 77. அப்லாடாக்சின் எம்1 என்னும் பூஞ்சை நஞ்சு வரம்பை மீறிய மாதிரிகள் 368. எண்ணிக்கையில் மிகுதியான மாதிரிகளில் இந்நஞ்சு வரம்பை மீறிக் காணப்பட்ட மாநிலம் தமிழ்நாடு. இங்கு எடுக்கப்பட்ட 551 மாதிரிகளில் 88, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 16, வரம்பை மீறியிருந்தன.

அப்லாடாக்சின் மருந்தன்று. ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு அது. மாடு அத்தீவனத்தை உண்ண, நஞ்சு உருமாறிப் பாலில் இறங்குகிறது. ஆயினும் மருந்து எச்சமும் இந்நஞ்சும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. இவை பாலில் எவரும் கலந்தவையல்ல. மாட்டின் உடல் வழியே வந்தவை. காய்ச்சினால் கிருமிகள் மடியும். குளோராம்பெனிகாலோ அப்லாடாக்சினோ நீங்குவதில்லை. எனவே பாலைக் காக்கும் வேலை அடுப்படியில் தொடங்குவதற்கில்லை. தொழுவத்திலும் தீவன அறையிலும் தொடங்க வேண்டும்.

இவ்வாய்வு எடுத்துக்கொண்டவை பெருநகரங்களும் நகரங்களுமே. எரியோடு போன்ற ஊர்களில் கறந்து அங்கேயே வீட்டுக்கு வீடு ஊற்றப்படும் பாலை அது தொடவில்லை. சிற்றூரின் பால் நகரத்துக்குச் சென்றால்தான் ஆய்வுக்கு உட்படும். சிற்றூரிலேயே தங்கும் பாலுக்கு அதைக் கறப்பவரின் மனச்சான்றே ஆய்வகம்.

இழப்பு யாருக்கு?

விலக்குக் காலத்தைக் காத்தல் எழுதுவதற்கு எளிது. நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் ஒரே ஒரு பசுவை நம்பிய குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். ஏழு நாளில் 70 லிட்டர் பாலைத் தரையில் கொட்டவேண்டும். லிட்டருக்கு 35 ரூபாய் எனக் கொண்டால் இழப்பு 2,450 ரூபாய். மருத்துவச் செலவு தனி. மாட்டுக்கு நோய் வந்த வாரத்தில்தான் வீட்டில் பணமுடை மிகுதியாக இருக்கும். அந்த வாரத்திலேயே வருமானமும் நிற்கிறது. 'ஒரு சொம்புப் பால் கேனில் கலந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?' என்னும் எண்ணம் எழும் இடம் இதுவே.

இவ்வெண்ணத்தைத் தண்டனையால் மட்டும் வெல்ல இயலாது. அமெரிக்காவில் 1990களிலிருந்து ஒவ்வொரு லாரிப் பாலும் இறக்குவதற்கு முன்னர்ப் பென்சிலின் வகை மருந்துகளுக்காகச் சோதிக்கப்படுகிறது. ஒவ்வொரு பண்ணையின் மாதிரியும் தனியே வைக்கப்படுவதால், தவறு எங்கு நிகழ்ந்தது என்பது தெரிந்துவிடும். பெரும்பண்ணைகளுக்கு ஏற்ற முறை இது. ஒன்றிரண்டு மாடுகள் வளர்க்கும் நூற்றுக்கணக்கானோரின் பால் சேரும் நம் சங்கங்களில் ஒவ்வொருவரின் பாலையும் நாள்தோறும் பட்டையிட்டுச் சோதிப்பது பெருஞ்செலவு. எனவே இங்கு உண்மையைச் சொல்வோர் இழப்பின்றி இருக்க வழி காணவேண்டும். 'என் மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறேன். இன்று என் பாலைச் சேர்க்க வேண்டா' என்று கூறும் உறுப்பினரின் இழப்பில் ஒரு பங்கைச் சங்கமே ஏற்குமாயின், ஒரு லாரிப் பாலை இழப்பதைக் காட்டிலும் அச்செலவு மிகக் குறைவு.

நோய் வருமுன் காத்தல்

மருந்து தேவைப்படாத மாட்டின் பாலில் மருந்து எச்சம் இராது. தரையை ஈரமின்றி வைத்தல், கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடைத்தல், மடியில் பால் தேங்காமல் முழுமையாகக் கறத்தல், கறந்தவுடன் காம்பைக் கிருமிநாசினியில் நனைத்தல், காம்புத் துளை மூடும் வரை மாட்டைப் படுக்கவிடாமல் தீவனமிட்டு நிற்கவைத்தல் ஆகியன மடிநோயைப் பெரிதும் குறைக்கும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி, நாட்டுப்புற மருத்துவ முறைகளைத் தொகுத்து ஆராய்ந்து மடிநோய்க்கு ஒரு மூலிகைப் பூச்சைப் பரவலாக்கினார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து, நீரில் குழைத்து, கழுவிய மடியில் நாளுக்குப் பலமுறை பூசுவது இம்முறை. தேசியப் பால்வள வாரியமும் இதனை நாடெங்கும் பரப்பி வருகிறது. தொடக்க நிலையில் இம்முறையை நாடுவோர் நுண்ணுயிர் எதிர்ப்பியின் தேவையைக் குறைக்கலாம். நோய் முற்றிய நிலையில் கால்நடை மருத்துவரின் சொல்லே வழிகாட்டி. 1962 என்னும் கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைப் பெறலாம்.

மருந்து கொடுத்தே ஆகவேண்டிய நிலையில் கடைப்பிடிக்க வேண்டியவை சிலவே. மருந்தின் பெயர், கொடுத்த நாள், விலக்குக் காலம் முடியும் நாள் ஆகியவற்றைச் சுவரிலோ ஏட்டிலோ எழுதிவைத்தல் வேண்டும். அம்மாட்டின் காலில் வண்ணத்துணி கட்டி, வீட்டில் யார் கறந்தாலும் அறியுமாறு செய்தல் வேண்டும். அதனைக் கடைசியாகக் கறந்து, பாலைத் தனியே ஒதுக்குதல் வேண்டும். வீக்கம் வடிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல் மருந்தை முழு நாளும் கொடுத்தல் வேண்டும். ஒரு காம்பில்தான் மருந்து போட்டோம் என்று மற்ற மூன்று காம்பின் பாலை விற்றலும் கூடாது. மருந்து குருதியின் வழியே அவற்றுக்கும் செல்லும்.

ஆய்வகம் பாலின் பொய்யைக் கண்டுபிடிக்கும். பாலைப் பொய்யில்லாமல் ஆக்கும் ஆற்றல் அதற்கில்லை. நிறைமாலைமானி ஒரு லாரியில் தேடுவதை, சுவரில் எழுதிய ஒரு தேதியும் மாட்டின் காலில் கட்டிய ஒரு துண்டுத் துணியும் தொழுவத்திலேயே தடுத்துவிடுகின்றன. பிள்ளைக்காகத் தாய் காக்கும் பத்தியத்தை, முகம் அறியாத பிள்ளைகளுக்காகத் தன் பசுவின் பொருட்டுக் காப்பவரே மெய்யான பால் உற்பத்தியாளர். அவர் அதனை இழப்பின்றிக் காக்கத் துணைநிற்பது, அப்பாலை அருந்தும் சமுதாயத்தின் கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் பால் கொள்முதல் நிலையத்திற்குச் சென்று, அங்கு நடைபெறும் சோதனைகளைக் கேட்டறிந்து, அவற்றால் எவற்றைக் கண்டறிய முடியும், எவற்றைக் கண்டறிய முடியாது எனப் பட்டியலிடுக.

2. கால்நடை மருந்து ஒன்றின் உறையில் அச்சிடப்பட்டுள்ள விலக்குக் காலத்தைக் கண்டறிந்து, அதனைப் பால் உற்பத்தியாளர்களுக்கு விளக்கும் துண்டறிக்கை ஒன்றை உருவாக்குக.

3. 'விலக்குக் காலத்தில் ஏற்படும் இழப்பை ஏற்க வேண்டியவர் யார்?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

1. 'வரம்பு', 'தடை' – வேறுபடுத்துக.

2. தயிர் தோய்தலுக்கும் நுண்ணுயிர்த் தடைச் சோதனைக்கும் உள்ள தொடர்பை விளக்குக.

3. நைட்ரோபியூரானைத் தேடும் ஆய்வாளர்கள் அதன் சிதைவுப் பொருள்களைத் தேடுவது ஏன்?

4. பாலின் தூய்மை தொழுவத்தில் தொடங்குகிறது என்பதனை 2018ஆம் ஆண்டு ஆய்வின் முடிவுகள் கொண்டு நிறுவுக.